ஹாட் க்யூவுக்குப் பட்டா யார் பேரில்?

டிஜே மென்பொருள் கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். சுதந்திரம் என்கிறார்கள், படைப்பு என்கிறார்கள், எல்லையில்லாத இசை என்கிறார்கள். இவ்வளவு தாராளமான பிரபுக்களிடம் போய், "ஐயா, என் லைப்ரரியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், வழி காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும். காது மட்டும் கேட்காமல் போய்விடும்.

பாட்டுக் கோப்பை எடுத்துப் போவதில் ஒரு சிக்கலும் இல்லை. எம்பி3 பென் டிரைவில் ஏறும், எந்த ஊரிலும் இறங்கும். சிக்கலெல்லாம் அந்தப் பாட்டின் மேல் டிஜே செய்து வைத்திருக்கும் வேலையில்தான். அது என்ன வேலை என்று தெரியாதவர்கள்தான் "ஏற்கெனவே இருக்கிற பாட்டைத்தானே போடுகிறான்" என்று ரிசப்ஷனில் சாம்பார் சாதத்தோடு சேர்த்து அவனையும் மென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

எண்பதுகளில் வந்த ஒரு பாட்டு. முகப்பு இசை மட்டும் முக்கால் நிமிடம். மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆட வந்து நிற்கும்போது, அவர்களை முக்கால் நிமிடம் வயலின் கேட்க வைக்க முடியாது. ஆகவே தாளம் விழுகிற இடத்தில் டிஜே ஒரு ஹாட் க்யூ வைக்கிறார், பச்சை நிறத்தில். பொத்தானைத் தட்டினால் பாட்டு நேராக அங்கே போய் நிற்கும். பல்லவிக்கு ஒரு மூச்சு முன்னால் இன்னொரு க்யூ, சிவப்பு. இடையிசையில் தவில் தனியாகப் பேசுகிற நாலு பார் இருக்கிறது. அது சுற்றிச் சுற்றி ஓட ஒரு லூப். அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள். இதற்குப் பிறகு பீட்கிரிட். ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று பாட்டின் அலைவடிவத்தின் மேல் போடும் கோடுகள் அவை. மென்பொருளே போட்டுத் தரும். இன்றைய பாட்டு என்றால் சரியாகப் போடும். இளையராஜாவின் எண்பதுகள் என்றால் தடுமாறும். அங்கே தாளம் போட்டது கம்ப்யூட்டர் இல்லை, மனுஷக் கை. சரணத்தில் அரை இம்மி வேகம் ஏறும்; பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது. டிஜே அதை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு, கோடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி உட்கார வைக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரே ஒரு பாட்டுக்கு. பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று கஞ்சத்தனமாகவே கணக்குப் போடுவோம். 5,000 பாட்டுக்கு 25,000 நிமிடம். நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் 52 நாள் வேலை. இதன் மேல் பிளேலிஸ்ட் என்கிற அனுபவச் சொத்து வேறு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, அத்தை மாமாக்கள் ஆடுவதற்கு ஒன்று, கானாவுக்கு ஒன்று, மண்டபத்துக்காரர் வந்து விளக்கை அணைக்கப் போகும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. எந்தக் கூட்டம் எதற்கு எழுந்து வரும் என்று வருஷக்கணக்கில் பார்த்துச் சேர்த்தவை அவை.

இந்த வேலை யாருடையது? தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்டுத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்றவர்களுக்குப் பதில் தெரியும். உழுதவன் நீதான், தம்பி, யார் இல்லை என்றது? ஆவணத்தில்தான் பேர் இல்லை.

சந்தையில் பெரிய தலைகள் என்றால் ஜப்பானின் ஆல்ஃபாதீட்டா கம்பெனி (முந்தைய பயனியர் டிஜே) வைத்திருக்கும் ரெக்கார்ட்பாக்ஸ், நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வரும் செராட்டோ, பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்யும் டிராக்டர். இவர்களைத் தவிர விர்ச்சுவல் டிஜே, எஞ்சின் டிஜே என்று இன்னும் சிலர். எல்லோரும் செய்வது ஒரே வேலை. எந்த வினாடியில் என்ன நிறத்தில் என்ன பெயரில் ஒரு புள்ளி இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடப் பையன் நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதிவிடுவான். நம் பிரபுக்கள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

ரெக்கார்ட்பாக்ஸின் 6-ஆம் பதிப்பு வந்தது 2020 ஏப்ரலில். உலகம் முழுக்க கிளப்புகளும் மண்டபங்களும் கொரோனாவுக்குப் பயந்து பூட்டிக் கிடந்த மாதம் அது. டிஜேக்கள் ஒரு நிகழ்ச்சியும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நல்ல நேரம் பார்த்துத்தான் கம்பெனி புதிய சந்தாத் திட்டங்களைக் கொண்டுவந்தது. அதே பதிப்பில், டிஜேயின் உழைப்பெல்லாம் அடங்கிய டேட்டாபேஸ் கோப்புக்கு எஸ்க்யூஎல்சைஃபர் என்ற பூட்டும் விழுந்தது. சரி, திருட்டுப் பயமாக இருக்கும் என்று நினைத்தால் இன்னொரு வேடிக்கை. அந்தப் பூட்டுக்குச் சாவி ஆளுக்கொன்று கிடையாது. உலகத்தில் உள்ள எல்லா ரெக்கார்ட்பாக்ஸுக்கும் ஒரே சாவி. விவரம் தெரிந்த பொடியன்கள் அதைக் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். கம்பெனி பிறகு வந்த ஒரு பதிப்பில், சாவி கிடைத்த கோப்பைக் கலைத்துப்போட்டுக் கண்ணாமூச்சி ஆடியது. ஆக, களவாட வருகிறவனை இந்தப் பூட்டு தடுக்காது. நோட்டைத் திறந்து தன் கணக்கைத் தானே பார்க்க வருகிற சாதாரண டிஜேயை மட்டும் தடுக்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மொத்த லைப்ரரியையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதித் தரும் வசதி ரெக்கார்ட்பாக்ஸில் உண்டு. அந்தக் கோப்பின் அமைப்பையும் வெளியிட்டிருக்கிறார்கள். க்யூ வரும், நிறம் வரும், கிரிட் வரும். ஆனால் 'மை டேக்' என்று ஆசை காட்டி ஒவ்வொரு பாட்டுக்கும் டிஜேயைக் குறி போடச் சொன்னார்களே, அதற்கு அந்தக் கோப்பில் இடமே ஒதுக்கவில்லை. நிபந்தனை வைத்துத் தானாகச் சேரும் பிளேலிஸ்டுகளின் நிபந்தனைக்கும் இடமில்லை. வெளியே போகலாம், மூட்டையில் பாதியை வாசலில் வைத்துவிட்டுப் போ என்கிறார்கள்.

செராட்டோ வேறு வழி. க்யூவையும் கிரிடையும் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். பாட்டு எங்கே போனாலும் உழைப்பும் கூடவே போகும். அருமையான யோசனை, மனசாரப் பாராட்டலாம். எழுதியதைப் படிக்க முயலும்வரை. கோப்பின் டேக் பகுதியில் செராட்டோ என்ற பேரோடு பல பெட்டிகள் இருக்கும். ஒன்றைத் திறந்தால் உள்ளே இருப்பதை இன்னொரு குறியீட்டில் சுற்றி வைத்திருப்பார்கள். இன்னொன்றில் நேரத்தைக் குறிக்கும் எண்ணைப் பிட்டுப் பிட்டாக விலக்கி எழுதியிருப்பார்கள். இதையெல்லாம் ஒரு ஊதியமும் இல்லாத தன்னார்வலர்கள் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்து விளங்கிக்கொண்டார்கள். கீழடியில் பானை ஓட்டுக் கீறலைப் படிக்கிறவர்களுக்காவது எழுதியவர் உயிரோடு இல்லை. இங்கே எழுதியவர் ஆக்லாந்தில் நன்றாகத்தான் இருக்கிறார்.

டிராக்டர் பரவாயில்லை. அதன் லைப்ரரி வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். படித்தால் பாட்டு இருக்கும் ஃபோல்டரின் பாதையில் ஒவ்வொரு சாய்கோட்டுக்குப் பின்னும் ஒரு முக்காற்புள்ளி நிற்கும். மேக் அப்படி எழுதாது. விண்டோஸும் எழுதாது. உலகத்தில் வேறு யாரும் எழுதமாட்டார்கள். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், குலவழக்கம்.

நேரத்தை எழுதுவதில்கூட ஒற்றுமை கிடையாது. ரெக்கார்ட்பாக்ஸின் எக்ஸ்எம்எல் வினாடியில் எழுதும். மற்ற இருவரும் மில்லிவினாடி. பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் எக்ஸ்எம்எல்லில் அது 255 என்று ஆகும். ஒரு நட்சத்திரம் கொடுத்தால் 51. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், 'இளையராஜா' என்ற பெயர் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 72 குறிகளாக நீண்டு நிற்கும். (இது மட்டும் இணையப் பாதை எழுதும் பொது விதி, இதற்குக் கம்பெனியைத் திட்டக் கூடாது. திட்ட வேறு நிறைய இருக்கிறது.)

இத்தனையையும் தாண்டி ஒருவன் மாற்றிவிட்டான் என்றே வையுங்கள். பாட்டு வந்தது, க்யூ வந்தது, நிறம்கூட வந்தது. அங்கேதான் காத்திருக்கிறது 26 மில்லிவினாடி.

எம்பி3 கோப்பு என்பது சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்ட ஒலி. ஒரு துண்டில் 1,152 மாதிரிகள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒரு துண்டின் நீளம் 26 மில்லிவினாடி. கோப்பைச் செய்த மென்பொருள், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தன் குறிப்புகளை எழுதிய ஒரு துண்டை வைத்திருக்கும். அதில் இசை இல்லை. ஒரு டிஜே மென்பொருள் அந்தத் துண்டையும் பாட்டின் நேரத்தில் சேர்த்து எண்ணும். இன்னொன்று தள்ளிவிட்டு எண்ணும். ஆகவே, அங்கே தவிலின் முதல் அடி மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்த க்யூ, இங்கே 26 மில்லிவினாடி தள்ளி உட்காரும். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி தள்ளினால் மொத்தமாக நகர்த்திவிடலாம். அதுவும் இல்லை. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் செய்தது என்பதைப் பொறுத்துச் சிலது தள்ளும், சிலது தள்ளாது. எது என்று பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். ஐயாயிரம் பாட்டையும் மறுபடி கேள்.

26 மில்லிவினாடி என்பது கண் இமைப்பதற்குள் தீர்ந்துபோகும் நேரம்தானே என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அடிக்கு அடி இடைவெளி 500 மில்லிவினாடி. இரண்டு பாட்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கலக்கும்போது 26 தள்ளினால், ஒரே அடியாக விழ வேண்டிய 'டும்' இரண்டாகப் பிளந்து 'ட்டும்' என்று கேட்கும். கூட்டத்தில் யாருக்கும் என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. ஆடுகிற கால் தயங்கும். நாலு பேர் தண்ணீர் குடிக்கப் போவார்கள். பெண்ணின் சித்தப்பா வந்து, "டிஜே சரியில்லப்பா" என்பார். ஆக்லாந்திலோ ஜப்பானிலோ யாரும் அந்தச் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

தாளம் ஏறி இறங்கும் பழைய பாட்டுகளின் கதி இன்னும் மோசம். ஒரு பாட்டு என்றால் முதலிலிருந்து முடிவுவரை ஒரே வேகம்தான் என்பது டிராக்டரின் நெடுநாள் நம்பிக்கை. வளைந்து கொடுக்கும் கிரிட் அங்கே வந்ததே 2024-இல் வெளியான ப்ரோ 4 பதிப்பில்தான். அதற்கு முன் வேறு மென்பொருளில் கோடு கோடாகச் செதுக்கிய கிரிடை அங்கே கொண்டுபோனவனுக்கு, அத்தனை கோட்டுக்கும் பதிலாக ஒற்றைக் கணக்குதான் மிஞ்சியது.

எங்கள் பகுதியில் ரிசப்ஷன்களுக்கு வாசிக்கும் தம்பி ஒருவர், புதுக் கன்சோல் வாங்கி, அதற்காகவே மென்பொருள் மாறினார். பெயர் வேண்டாம், கம்பெனிப் பெயரும் வேண்டாம்.

"அண்ணே, பாட்டெல்லாம் வந்துருச்சு. க்யூ ஒண்ணும் வரல."

"கம்பெனிக்கு எழுதினியா?"

"எழுதினேண்ணே. 'எல்லாத்தையும் ரீ-அனலைஸ் பண்ணுங்க'ன்னு பதில் வந்துச்சு."

"பண்ணினா க்யூ வந்துருமா?"

"கிரிடும் போயிருமாம்ணே."

கடிதத்தின் கடைசியில், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடவும் கேட்டிருந்தார்களாம்.

இதெல்லாம் தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத சிக்கல், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். அவர்களை 1983-க்கு அழைத்துப் போகிறேன். அந்த ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்று சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸின் ப்ராஃபெட்-600. மற்றது ரோலண்டின் ஜுபிட்டர்-6. சந்தையில் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள். ஒன்றை வாசித்தால் மற்றது பாடியது. மிடி என்ற பொது மொழி அப்படி வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று செய்தார்கள். உரிமக் கட்டணம் என்று யாரிடமும் கை நீட்டவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2013-இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். நம் தமிழ் சினிமாவின் கீபோர்டு, சீக்வென்சர் காலம் முழுக்க அந்தக் கம்பியின் மேல்தான் நடந்தது. இன்றைக்கும் பெரும்பாலான டிஜே கன்ட்ரோலர்களில் ஒரு குமிழைத் திருப்பினால் கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தி அதே மிடிதான்.

ஆக, அடுத்தவர் இலவசமாகக் கொடுத்த பொது மொழியில் இத்தனை ஆண்டாகக் கடை நடத்துகிறார்கள். தங்கள் பங்குக்கு நாலு எண்ணைப் பொது மொழியில் எழுதச் சொன்னால் மட்டும் தொழில்நுட்பம் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது.

டிஜேக்களுக்கு என்று பொதுவாக ஒரு வழி இருந்ததே ஒரு தற்செயலால்தான். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் தன் லைப்ரரியை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகவும் எழுதி வைக்கும். எல்லா டிஜே மென்பொருளும் அதைப் படித்துப் பிளேலிஸ்டுகளை எடுத்துக்கொண்டன. 2019-இல் கேட்டலினா என்ற மேக் பதிப்போடு ஆப்பிள் ஐட்யூன்ஸையே கலைத்தது. எக்ஸ்எம்எல் தானாக வருவது நின்றது. டிஜே கம்பெனிகளெல்லாம் "தயவுசெய்து இப்போதைக்கு அப்டேட் செய்யாதீர்கள்" என்று பதறி அறிவிப்பு விட்டன. பதறியவர்கள் அன்றே ஒன்றாக உட்கார்ந்து சொந்தமாக ஒரு பொதுக் கோப்பு செய்திருக்கலாம். பதற்றம் அடங்கியதும் அவரவர் கோட்டைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆனால் வரவேற்பில் குறை வைக்கமாட்டார்கள். எஞ்சின் டிஜே, செராட்டோவிலிருந்தும் டிராக்டரிலிருந்தும் ரெக்கார்ட்பாக்ஸிலிருந்தும் அழைத்துக்கொள்ளும். விர்ச்சுவல் டிஜேயும் அப்படியே. அடுத்த கடையின் பூட்டைத் திறக்க மட்டும் எல்லோரிடமும் பொறியாளர் இருக்கிறார். தன் கடையிலிருந்து வெளியே போகும் மெனுவை எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில் லைப்ரரி மாற்றித் தருவதற்கென்றே தனி மென்பொருள்கள் கிளம்பிவிட்டன; லெக்ஸிகன் போன்றவை நல்ல வேலை செய்கின்றன, அதற்கும் சந்தா உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. தன் வேலையைத் தானே எடுத்துக்கொள்ள மூன்றாவது ஆளுக்குக் காசு கொடுக்கும் நிலைமையை உண்டாக்கியவர்களைத்தான் சொல்கிறேன். காசே வாங்காமல் மிக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை எழுதும் தன்னார்வலர்கள், 2021-இல் வந்த 2.3 பதிப்பிலேயே செராட்டோவின் டேக்கையும் ரெக்கார்ட்பாக்ஸின் பென் டிரைவையும் படித்துக் காட்டினார்கள். சம்பளமில்லாதவர்களால்கூட முடிந்தது.

அடுத்த வீட்டுக்காரனோடு பேசமாட்டார்கள், சரி. சொந்த வீட்டுக்குள்ளாவது பேச்சுவார்த்தை உண்டா? 2023-இல் ஆல்ஃபாதீட்டா கம்பெனி ஓபஸ்-குவாட் என்ற கன்சோலை இறக்கியது. அதே ரெக்கார்ட்பாக்ஸில் தயார் செய்து, அதே கம்பெனியின் சிடிஜே கருவிகளில் வருஷக்கணக்காக ஓடிய பென் டிரைவைச் செருகினால் அது லைப்ரரியைப் படிக்காது. புதிய வடிவமாம். மறுபடி ரெக்கார்ட்பாக்ஸுக்குப் போய் மாற்றிக்கொண்டு வா. பழைய சிடிஜேக்களோ புதிய வடிவத்தைப் படிக்காது. இன்று இந்த மண்டபம், நாளை அந்த கிளப் என்று அலைகிறவன் ஒரே பென் டிரைவில் இரண்டு வடிவத்தையும் சுமக்க வேண்டும்.

அதே 2023-இல் ஆல்ஃபாதீட்டா, செராட்டோவையே விலைக்கு வாங்கப் புறப்பட்டது. இரண்டு கோட்டைக்கும் நடுவே பாலம் கட்டுவதைவிட எதிர்க் கோட்டையை வாங்கிவிடுவது சுலபம் என்ற கணக்கோ என்னவோ. நியூசிலாந்தின் வணிக ஆணையம் 2024 ஜூலையில் அனுமதி மறுத்தது. டிஜே மென்பொருளில் போட்டி கணிசமாகக் குறைந்துவிடும் என்றது. ஒரு சின்ன நாட்டின் ஆணையத்துக்கு இருந்த முதுகெலும்புக்கு ஒரு கும்பிடு.

பிறகு 2025 அக்டோபரில் ஒரு மனமாற்றம். ஒன் லைப்ரரி என்ற வடிவத்தை ஆல்ஃபாதீட்டா அறிவித்தது. டிராக்டரும் அல்கோரிடிம் கம்பெனியின் செயலியும் சேர்ந்தன. மூன்றில் எதில் தயார் செய்தாலும் பென் டிரைவ் ஒன்றுதான். நல்ல செய்தி, வரவேற்கலாம். ஆனால் அந்தப் பென் டிரைவ் எங்கே போய்ச் செருகப்படுவதற்காக என்று பாருங்கள்: ஆல்ஃபாதீட்டாவின் கருவியில். அறிவிப்பு மேடையில் செராட்டோ இல்லை, எஞ்சின் டிஜே இல்லை. எல்லாப் பாதையும் திறந்திருக்கிறது, எல்லாம் எங்கள் கடைக்கு வருகின்றன என்பதைத் திறந்த மனசு என்று சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2011 ஜனவரியிலிருந்து இந்தியாவில் செல்பேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். அதற்கும் கம்பெனிகள் முடியாது, சிக்கல் என்றுதான் இழுத்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிடித்து உட்கார வைத்ததும் முடிந்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 20-ஆம் பிரிவு, தன் தரவை இயந்திரம் படிக்கும் வடிவத்தில் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது. ஹாட் க்யூ தனிநபர் தரவா என்று வக்கீல்கள் வாதாடலாம். உரிமை என்ற ஒன்றாவது ஏட்டில் இருக்கிறது. நம் நாட்டில் 2019-இல் வந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் அந்த உரிமை இருந்தது. 2023-இல் சட்டமாகி வந்தபோது காணோம். வாசலில் வைத்த செருப்பு போன மாதிரி போய்விட்டது. யாரும் தேடவும் இல்லை.

டிஜேக்களையும் விடப்போவதில்லை. இத்தனை அநியாயத்துக்கும் ஒன்றுசேர்ந்து ஒரு மனு போடலாம். போட மாட்டார்கள். செராட்டோ ரசிகர் மன்றம், ரெக்கார்ட்பாக்ஸ் ரசிகர் மன்றம் என்று பிரிந்து, நீ தாளத்தைத் தானாகச் சேர்க்கும் பொத்தானை அழுத்துகிறவன், நீ டர்ன்டேபிள் தொடத் தெரியாதவன் என்று அடித்துக்கொள்வார்கள். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றாததுதான் பாக்கி. இன்னொன்று, பாதி இரவில் நேர்மை பேசும் பல தம்பிகளின் பாட்டுத் தலைப்பிலேயே, இலவசமாக இறக்கிய தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். இசையமைத்தவனுக்கும் பாடியவருக்கும் போக வேண்டிய காசு அது. அதற்கும் ஒரு நாள் கணக்குக் கேட்க வேண்டும். கேட்கும்போது கேட்கலாம். க்யூ வைத்தது அவன் கை, கேட்டது அவன் காது. அதில் எந்தத் திருட்டும் இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கிற கம்பெனிக்கு அந்தத் திருட்டைக் காட்டித் தப்பிக்க வழியும் இல்லை.

முன்பு வினைல் தட்டு வைத்து வாசித்தவர்கள், தட்டின் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டி க்யூ வைத்தார்கள். எந்தக் கம்பெனியின் டர்ன்டேபிளில் வைத்தாலும் அந்த ஸ்டிக்கர் அதே இடத்தில்தான் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய கம்பெனிகளிடம் கேட்பது அதைவிடப் பெரிய வரம் ஒன்றும் இல்லை. எந்த மென்பொருளும் படிக்கும்படி ஒரே ஒரு எழுத்துக் கோப்பு. பாட்டின் பெயர், க்யூவின் நேரம், நிறம், கிரிட், பிளேலிஸ்ட். நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு வரி உடன்பாடு. அதை எழுத ஒரு பொறியாளரும் ஒரு மாதச் சம்பளமும் போதும். செய்யாமல் இருப்பது தெரியாததால் இல்லை. வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயத்தால். சரக்கில் நம்பிக்கை இருக்கிறவன் கதவைத் திறந்து வைப்பான்.

டிஜே தம்பி, தங்கைகளே, இன்றிரவே உங்கள் லைப்ரரியைத் தனி டிஸ்க்கில் ஒரு படி எடுத்து வையுங்கள். எக்ஸ்எம்எல் கிடைத்தால் அதையும் சேர்த்து. அடுத்த சந்தா தேதிக்கு முன் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள். என் க்யூ, கிரிட், பிளேலிஸ்ட் மொத்தத்தையும் வெளியே எடுக்கும் மெனு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.